ஆறுமுகநயினார் கேட்ட அனுமதி

பாளையங்கோட்டையில் ஒரு பேன்ஸி ஸ்டோரின் மாடியில் குருவும் சீடரும் வேலை பார்த்தார்கள். குருவின் பெயர் உலகம்மை. வயது முப்பத்து மூன்று. சீடரின் பெயர் ஆறுமுகநயினார்; அவருக்கு ஐம்பத்து நான்கு. கூட்டுறவுச் சங்கத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி ரேஷன் கடைக்கு அனுப்புகிறாள் என்று புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். ரேஷன் கடையே தேவலை என்று அவர் நினைக்காத வாரம் கிடையாது.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதது ஒரு எக்ஸ்டென்ஷனை. பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிற குட்டி புரோகிராம் அது. ‘கூடவே’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பார்வையில்லாதவர்கள் கம்ப்யூட்டரைக் காதால் படிக்கிறார்கள். திரையில் இருப்பதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும். அரசு வேலைக்குத் தேர்வு வைக்கும் ஒரு வாரியம், தன் இணையதளத்தில் பட்டன்களுக்குப் பெயரே எழுதாமல் வெறும் படமாக ஒட்டி வைத்திருந்தது. குரல் அந்த இடத்துக்கு வந்தால் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று சொல்லிக்கொண்டே போகும். எது போட்டோ ஏற்றுவது, எது விண்ணப்பத்தை அழிப்பது என்று சாமிக்குத்தான் தெரியும். ‘கூடவே’ அந்தப் பட்டன்களுக்குப் பெயர் கொடுத்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். வாரியத்துக்கு இணையதளம் செய்து கொடுத்த புண்ணியவான்களுக்குக் கை சும்மா இருக்காது. போன மாதம் இடது பக்கம் இருந்த பட்டன் இந்த மாதம் வலது பக்கம் போகும். பச்சைப் படம் நீலமாகும். ஒவ்வொரு தடவையும் ‘கூடவே’ திக்கும். திருத்த வேண்டும். திருத்தியதை பிரௌசர்காரர்கள் இணையத்தில் வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் கடைக்கு அனுப்ப வேண்டும். அங்கே யாரோ சரிபார்த்து விடும்வரை கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒற்றை நட்சத்திரத்தோடு விமர்சனங்கள் வந்து விழும். ‘வேஸ்ட்.’ ‘தூங்குறீங்களா?’

சீடர் ஒவ்வொன்றையும் வாசித்து ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வார். குரு வாசிக்கவே மாட்டார்.

அந்த வருடம் விண்ணப்பக் காலம் பாதி ஓடிய பிறகு, புண்ணியவான்கள் போட்டோ ஏற்றும் பக்கத்தை மட்டும் வேறொரு முகவரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ‘கூடவே’ வாரியத்தின் ஒரே ஒரு முகவரியில் வேலை செய்யத்தான் பயன்படுத்துபவர்களிடம் அனுமதி வாங்கியிருந்தது. புது இடத்தில் அதற்கு வாயில்லை.

“இப்ப என்ன மேடம் செய்ய?” என்றார் சீடர்.

“ஆள் அந்தப் பக்கத்துக்குப் போய் நிக்கும்போது ‘கூடவே’ கேக்கணும், அண்ணாச்சி. ‘இந்த இடத்துல மட்டும் வரட்டுமா?’ன்னு. சரின்னு சொன்னா வரணும், வேண்டாம்னா போயிரணும்.”

“அதை எழுத ரெண்டு நாள் ஆகுமே!”

“ஆகட்டும்.”

“ஒரே வரி மேடம். எல்லா இணையதளத்துக்கும் அனுமதின்னு போட்டுட்டோம்னா, இவனுவ எந்த முகவரிக்கு ஓடினாலும் பிடிச்சிரலாம்லா?”

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம், அண்ணாச்சி.”

குருமார்களிடம் உள்ள கெட்ட பழக்கம் இது. காரணம் சொன்னால் வாய் தேய்ந்துவிடும்போல. இதைச் சொல்லிவிட்டு அவர் தங்கையின் வளைகாப்புக்குத் தென்காசிக்கு பஸ் ஏறிப் போய்விட்டார்.

சீடர் தனியாக உட்கார்ந்து எழுதினார். வரவில்லை. மறுபடி எழுதினார். வந்தது, ஆனால் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டது. நடுவில் ஒரு விமர்சனம் வந்து விழுந்தது: ‘இதுக்கு நீங்க கடையைச் சாத்தலாம்.’

சீடருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எழுதியதையெல்லாம் அழித்தார். அந்த ஒற்றை வரியைப் போட்டார். தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். புது முகவரியில் ‘கூடவே’ கணீரென்று பேசியது. கடைக்கு அனுப்பினார். அதிசயமாக மறுநாளே அனுமதித்துவிட்டார்கள். அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் போன் அடித்தது.

“‘கூடவே’ ஆளுங்கதான பேசுறது?” பெண் குரல்.

“ஆமாம்மா. நயினார் பேசுதேன்.”

“நான் ஜெயசீலி, நாசரேத்துல இருந்து. ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டரா இருக்கேன், தற்காலிக வேலை. எனக்குக் கண்ணு தெரியாது. நேத்து வரைக்கும் உங்க ‘கூடவே’ பேசிச்சு. இன்னைக்கு வாயே திறக்க மாட்டேங்கு. என்ன சார் செஞ்சு வச்சிருக்கிய?”

“இங்க நல்லாத்தானம்மா வேலை செய்யுது.”

“அங்க வேலை செஞ்சு எனக்கு என்ன சார் பிரயோஜனம்?”

சீடர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த போன் வள்ளியூரிலிருந்து வந்தது. அதற்கடுத்தது மதுரை. எல்லோருக்கும் ஒரே புகார்தான். கடைசியில் சீடர் அந்தக் கடையின் விதிமுறைகளை எடுத்து வாசித்தார். ஏற்கெனவே வாங்கிய அனுமதியைவிட அதிகமாக ஒரு எக்ஸ்டென்ஷன் கேட்டால், பிரௌசர் அதை அப்படியே அணைத்துப் போட்டுவிடும். ஆள் பார்த்து ‘சரி’ என்று அமுக்கினால்தான் திரும்ப எழுந்திருக்கும். செய்தவர் கம்ப்யூட்டரில் மட்டும் இந்தக் கேள்வி வராது. அவர் கையாலேயே ஏற்றிய பிரதி அல்லவா, அவரிடம் என்ன கேட்பது?

அணைந்துபோனதற்கு அடையாளமாகத் திரையின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றுமாம். பார்வையில்லாதவர்களுக்கு ஒரு புள்ளி! சீடர் தலையில் அடித்துக்கொண்டார்.

உடனே நாசரேத்துக்கு போன் போட்டார்.

“ஏம்மா, மூலையில ஒரு புள்ளி இருக்கும். யாரையாவது பாக்கச் சொல்லி ‘சரி’ன்னு அமுக்கிருங்க. அவ்வளவுதான்.”

“நர்ஸ் ஒரு ஆள் பாத்துச் சொல்லிட்டா சார். ‘நீங்கள் போகும் எல்லா இணையதளங்களிலும் உள்ள எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும் முடியும்’னு போட்டிருக்காம். நான் ‘வேண்டாம்’னு அமுக்கச் சொல்லிட்டேன்.”

“ஐயையோ! ஏம்மா?”

“இது என் சொந்த லேப்டாப். இதுலதான் என் பேங்க் இருக்கு, என் மெயில் இருக்கு. போட்டோ பட்டனுக்குப் பேரு சொல்ல அதையெல்லாம் எதுக்கு சார் நீங்க படிக்கணும்?”

“நாங்க படிக்க மாட்டோம்மா! நாங்க நல்லவங்க.”

“அதை நீங்களே சொன்னா எப்படி?”

சீடர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட விண்ணப்பம் முடியுது,” என்றாள் ஜெயசீலி. “அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும். ஏதாவது செய்யுங்க.” சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் குரு வந்தார். கையில் வளைகாப்பு வீட்டுப் புளியோதரைப் பொட்டலம் இருந்தது. சீடரின் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்த ஒற்றை வரியைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சீடருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

சீடர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஜெயசீலி கேட்டதையும் தான் சொன்னதையும்கூடச் சொன்னார். சொல்லி முடித்ததும், தப்பு செய்த எல்லோருக்கும் வருவதுபோல அவருக்கும் கோபம் வந்தது.

“சரி, நான் செஞ்சது தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க மேடம். நாம யாரோட பேங்கையும் எட்டிப் பாக்கப் போறதில்ல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் அனுமதி கேட்டா என்ன குறைஞ்சிட்டு?”

“உங்க போனைக் குடுங்க, அண்ணாச்சி,” என்றார் குரு.

சீடர் கொடுத்தார்.

“லாக்கை எடுத்துக் குடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். குரு அதை வாங்கித் தன் கீபோர்டுக்குப் பக்கத்தில் திரை மேலே பார்க்க வைத்துக்கொண்டார். பிறகு அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

போனில் ‘டிங்’ என்றது. சீடர் எட்டிப் பார்த்தார்.

“மேடம், போன்...”

“இருக்கட்டும்.”

“எதுக்கு அது உங்களுக்கு?”

“தேவைப்பட்டா எடுத்துக்கிடுவேன்.”

“என்ன தேவை?”

“இப்ப ஒண்ணும் இல்ல.”

மறுபடி ‘டிங்’ என்றது. சீடருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தாநாள் கோபத்தில் மச்சினனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ‘இந்தப் பொம்பளைட்ட வந்து மாட்டிக்கிட்டேன், ஒரு மண்ணும் சொல்லித்தர மாட்டேங்கா’ என்று அதில் இருந்தது. மச்சினன் பதில் போடுகிற ஜாதி. அதுவும் இப்போதுதான் அவனுக்கு வேலை ஓய்ந்திருக்கும்.

சீடர் எழுந்தார். ஜன்னலைத் திறந்தார். மூடினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குரு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘டிங், டிங்’ என்றது போன். ஆள் படிக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட, படித்துவிட்டு இரண்டு அறை கொடுத்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று சீடருக்கு இருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“மேடம், அதுல எதையாவது படிச்சீங்களா?”

“இல்ல, அண்ணாச்சி,” என்றார் குரு. “நான் நல்லவ.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். சீடர் அதை வாங்கிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய், முதல் வேலையாக அந்தச் செய்தியை அழித்தார். உள்ளே வந்து குருவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் ஏன் என்று கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் இருவரும் சேர்ந்து எழுதி முடித்துக் கடைக்கு அனுப்பினார்கள். இது பழைய அனுமதிக்கு மேல் ஒன்றும் கேட்காது. புது முகவரிக்கு ஆள் போய் நின்றால், அங்கே மட்டும் வரலாமா என்று வாய்விட்டுக் கேட்கும்.

மறுநாள் காலையில் கடைப் பக்கத்தில் ‘சரிபார்ப்பில் உள்ளது’ என்று இருந்தது. பத்து மணிக்கும் சரிபார்ப்பில் இருந்தது. மத்தியானமும் அதே கதை. தப்பான வரிக்கு ஒரே நாளில் வழிவிட்டவர்கள், சரியானதை வைத்துக்கொண்டு என்னதான் பார்த்தார்களோ!

“கடைக்காரன் எப்ப மேடம் விடுவான்?”

“அவனுக்கே தெரியாது.”

சீடர் தலையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு வெறுத்துப்போச்சு மேடம். நாம ஒண்ணைச் சரிபண்ணா அவனுவ ஒண்ணைக் கெடுக்கானுவ. இது என்னைக்கு முடியுத வேலை? பேசாம இதைத் தூக்கிப் போட்டுட்டு ரேஷன் கடைக்கே போறேன்.”

“போங்க,” என்றார் குரு. “அதுக்கு முன்னால ஜெயசீலிக்கு ஒரு போன் போடுங்க.”

“போட்டு என்னன்னு சொல்ல? இன்னும் வரலன்னா?”

“‘கூடவே’க்குத்தான் வாய் அடைச்சுப்போச்சு. உங்களுக்கு என்ன? நீங்க பேசுங்க.”

போன் நம்பர் கொடுத்துத் திட்டியிருந்தவர்களை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். குரு வள்ளியூரையும் மதுரையையும் எடுத்துக்கொண்டார். சீடர் நாசரேத்தைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்க திரையை எனக்குக் காட்டுத மாதிரி ஒரு ஆப் இருக்கு. அதைப் போடுங்க. நான் இங்கருந்தே எல்லாத்தையும் முடிச்சுத் தந்திருதேன்.”

“வேண்டாம் சார். பட்டனுக்குப் பேரு மட்டும் சொல்லுங்க.”

“அது சுத்து வழில்லாம்மா. நேரம் இல்ல.”

“பேரு மட்டும் சொல்லுங்க.”

சீடர் பல்லைக் கடித்துக்கொண்டார். தன் கம்ப்யூட்டரில் அதே விண்ணப்பத்தைச் சும்மா ஒரு பெயரில் திறந்து வைத்துக்கொண்டார். போனில் அவளுடைய லேப்டாப்பின் குரல் ‘பட்டன்’ என்றது.

“இது போட்டோ தேர்ந்தெடுக்கது,” என்றார் சீடர்.

‘பட்டன்.’

“இது போட்டோவைத் திருப்புதது. வேண்டாம், தாண்டிருங்க.”

‘பட்டன்.’

“ஐயோ, அதைத் தொட்டுராதீங்க! மொத்தத்தையும் அழிச்சிரும்.”

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கு வேறு அழைப்பு வந்துகொண்டிருந்தது. “இருங்க சார்” என்பாள். “வணக்கம், ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் நாலு மணிக்கு வருவாங்க” என்பாள். திரும்பி வந்து “ம், சொல்லுங்க” என்பாள். அதற்குள் வாரியத்தின் தளம் அவளை வெளியே தள்ளியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. சீடர் ஜென்மத்தில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு பொறுமையாகப் பாடம் சொல்லிக்கொடுத்ததில்லை. அவருடைய சொந்த மகனைக் கேட்டால் சொல்வான்.

நாலரை மணி தாண்டியது. போட்டோ ஏறியது, கையெழுத்து ஏறியது. இன்னும் ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி. அதில் முதல் பட்டனை அமுக்க வேண்டும் என்று சீடர் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

“சார், இப்ப ஓடிபி வரும்,” என்றாள் ஜெயசீலி. “என் போன் அதைச் சத்தமாப் படிச்சிரும். நீங்க வச்சிருங்க.”

“நான் காதைப் பொத்திக்கிடுதேன்மா. லைனைக் கட் பண்ணாதீங்க, நேரம் போயிட்டே இருக்கு.”

“வச்சிருங்க சார். நானே கூப்பிடுதேன்.”

வைத்துவிட்டாள்.

சீடர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. அவர் கூப்பிடலாமா என்று யோசித்தார். கூப்பிட்டால், ஓடிபி வாசிக்கிற நேரத்தில் அவளுக்கு இடைஞ்சல். அவள் கூப்பிடாவிட்டால்? பதற்றத்தில், தான் திறந்து வைத்திருந்த கடைசிப் பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்தார்.

கடைசிப் பக்கத்தின் கீழே இரண்டு படங்கள். ஒன்று சமர்ப்பிப்பது, ஒன்று அழிப்பது. இதுவரை சமர்ப்பிப்பது முதலில் இருந்தது. இப்போது அழிப்பது முதலில் இருந்தது. கடைசி நாளில், கடைசி நேரத்தில், இடம் மாற்றியிருக்கிறார்கள்!

“மேடம்!” என்று கத்தினார். “பட்டனை மாத்திட்டானுவ! அவளுக்கு நான் பழைய வரிசையைச் சொல்லியிருக்கேன்!”

குரு மதுரையோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“கூப்பிடட்டுமா?” என்றார் சீடர். “வைக்கச் சொன்னாளே! ஆனா அமுக்கிட்டான்னா?”

போன் அடித்தது.

“ஓடிபி போட்டாச்சு சார். கடைசிப் பக்கத்துல நிக்கேன். முதல் பட்டன்தான சொன்னிய? அமுக்கட்டுமா?”

“அமுக்காதீங்க! ரெண்டாவதும்மா, ரெண்டாவது! மாத்தி வச்சிருக்கானுவ!”

“நல்லாப் பாத்துட்டியளா?”

“இப்பத்தாம்மா பாத்தேன். சத்தியமா ரெண்டாவது.”

போனில் ‘பட்டன், பட்டன்’ என்று கேட்டது. பிறகு அந்த லேப்டாப் குரல் எதையோ நீளமாக வாசிக்கத் தொடங்கியது. ஜெயசீலி அதன் வாயைச் சட்டென்று அடைத்தாள்.

“விண்ணப்ப எண் வந்திட்டு சார்,” என்றாள். “விண்ணப்பம் போயிட்டு.”

சீடர் நாற்காலியில் சாய்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. வள்ளியூருக்கும் முடிந்துவிட்டது; மதுரைக்காரர் கடைசி நிமிஷத்தில் முடித்தார்.

ஐந்தரை மணிக்குக் கடையிலிருந்து தகவல் வந்தது. ‘உங்கள் புதிய பதிப்பு ஏற்கப்பட்டது. வாழ்த்துகள்.’ குரு அதைப் பார்த்துச் சிரித்தார். சீடருக்கு அந்த வாழ்த்தைக் கிழித்துப்போட வேண்டும்போல இருந்தது. ஆனாலும் போனை எடுத்து நாசரேத்தைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, புதுசு வந்திட்டு. இனிமே இது உங்க பேங்க் பக்கமே வராது. எங்க வரணும்னாலும் உங்களைக் கேட்டுத்தான் வரும். தைரியமாப் போட்டுக்கிடுங்க.”

“பாக்கேன் சார்.”

“பாக்கேன்னா?”

“என்ன கேக்குதுன்னு நர்ஸை முதல்ல படிச்சுப் பாக்கச் சொல்லுதேன். அப்புறம் போடுதேன். ரொம்ப உபகாரம் சார், நீங்க நல்லா இருக்கணும். வச்சிருதேன்.”

சீடர் போனை மேஜைமேல் வைத்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“பாத்தியளா மேடம்? மத்தியானத்துல இருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். திரையைக் காட்டுன்னேன், காட்டல்ல. ஓடிபி வந்தா போனை வைங்கா. இப்பமும் நர்ஸைக் கேட்டுத்தான் போடுவாளாம். இவ்வளவு செஞ்சும் அந்தப் பிள்ளைக்கு நம்ம மேல நம்பிக்கை வரல்லயே! இன்னும் நாம என்னதான் செய்யணும்?”

குரு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார், கெட்டுப்போகவில்லை. பாதியைச் சீடர் பக்கம் தள்ளி வைத்தார்.

“எதுக்கு அண்ணாச்சி நம்பணும்?” என்றார். “நம்பாமலே அவ வேலை முடிஞ்சிட்டுல்லா.”